பலாபத்வலக் காட்டுக்கோழியும் வேட்டை நாயும்

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளையை நோக்கி வடக்கே செல்லும் பெருவீதியில், பௌத்த திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பெற்ற இடமெனப் போற்றப்படும் அளுவிகாரையைக் கடந்து சில கட்டை தூரம் சென்றால், பலாபத்வல என்னும் சிற்றூரை அடையலாம். மிளகுக் கொடி படர்ந்த மரங்களும், கொக்கோவும், கராம்பும், சாதிக்காயும் மண்டி வளரும் பூமி இது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே, மன்னார்க் கரையில் இறங்கிய தென்னிந்தியத் தொழிலாளர்கள் காடும் மேடும் கடந்து, தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளைக்கு நடந்து வந்ததும் இத்திசையிலேதான். கிழக்கே நோக்கினால் நக்கிள்ஸ் மலைத்தொடர் மேகப் போர்வையுடன் நிற்பதைக் காணலாம்.

பகற்பொழுதில் இவ்வூருக்கு வருபவர் கடைத்தெருவையும், பேருந்துகளையும், வாசனைத் திரவியத் தோட்டங்களின் பெயர்ப் பலகைகளையும் பார்த்துவிட்டுப் போய்விடுவார். ஆனால் வைகறையில் விழித்தெழுபவருக்கு இங்கே வேறொரு செல்வம் காத்திருக்கிறது. வீட்டுச் சேவல் கூவி ஓய்ந்த பின்னர், தோட்டத்தின் எல்லையிலுள்ள காட்டிலிருந்து மற்றொரு சேவல் குரல் கொடுக்கும். வீட்டுச் சேவலைப்போல நீட்டி முழக்காமல், "சிக்... சௌ-சொயிக்" என்று சுருக்கமாகவும் மிடுக்காகவும் கூவி நிறுத்திவிடும். அதுவே இலங்கைக் காட்டுக்கோழி. சிங்கள மக்கள் இதனை 'வலி குகுளா' என்பர். இந்நாட்டின் தேசியப் பறவையும் இதுவேயாகும்.

இப்பறவையை நாயுடனும் நாயில்லாமலும் எவ்வாறு வேட்டையாடினர் என்பதை அறியும் ஆவலுடன், இவ்வூருக்கு அண்மையிலுள்ள ஒரு பழைய தோட்டத்தில் வாழும் எண்பது வயதைக் கடந்த பெரியவர் ஒருவரை நாம் சந்தித்தோம். சிறு வயதில் துரையின் பங்களாவில் நாய்களைக் கவனிக்கும் பையனாக வேலை பார்த்தவர் அவர். வேட்டைக் கதை கேட்கச் சென்ற எமக்குக் கிடைத்தது அதனினும் பெறுமதியுள்ள ஒரு பாடம். அதனை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே எமது நோக்கம்.

மேட்டுநிலப் பறவைகள்

நீரிலும் சேற்றிலும் வாழும் தாரா, உள்ளான் முதலியவற்றிலிருந்து பிரித்தறியும்பொருட்டு, புல்வெளியிலும் புதர்க்காட்டிலும் நிலத்தில் நடந்து இரைதேடும் பறவைகளை மேட்டுநிலப் பறவைகள் என வேட்டைக்காரர் வகுத்தனர். காட்டுக்கோழி, கௌதாரி, காடை ஆகியவை இவ்வகுப்பைச் சேர்ந்தவை. சாம்பற் கௌதாரி மன்னார், யாழ்ப்பாணம் முதலிய வறண்ட பகுதிகளுக்குரியது. வர்ணக் கௌதாரி ஊவாப் புல்வெளிகளில் வாழ்வது. மாத்தளைக் காடுகளுக்குத் தலைமகன் காட்டுக்கோழிதான்.

உலகில் காட்டுக்கோழி இனங்கள் நான்கே உள்ளன. சிவப்புக் காட்டுக்கோழி வட இந்தியா முதல் தென்கிழக்காசியா வரை பரந்து வாழ்கிறது. சாம்பற் காட்டுக்கோழி தென்னிந்தியாவுக்கும், பச்சைக் காட்டுக்கோழி சாவகம் முதலிய தீவுகளுக்கும் உரியவை. நான்காவது இனம் இலங்கையில் மாத்திரமே உண்டு. நமது வீட்டுக் கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி என்பது அறிஞர் முடிபு. எனினும், வீட்டுக் கோழிகளிற் பலவற்றுக்குள்ள மஞ்சள் நிறத் தோலுக்குக் காரணமான மரபணு சாம்பற் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததென்று 2008ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு கண்டறிந்தது. ஆகவே, நமது முற்றத்தில் குப்பை கிளறும் கோழிக்கும் காட்டுக்கும் உள்ள உறவு அற்றுவிடவில்லை.

இலங்கைச் சேவலின் அழகு தனியானது. கழுத்தும் மார்பும் பொன்னும் செம்மஞ்சளுமாக ஒளிரும். சிறகும் வாலும் ஊதாக் கலந்த கருமை. சிவந்த கொண்டையின் நடுவே மஞ்சள் நிறம் தீட்டியதுபோல விளங்கும். மற்ற மூவினங்களிலிருந்து இதனைப் பிரித்தறிய இந்த அடையாளம் ஒன்றே போதும். கொண்டையிலிருந்து வால் நுனி வரை சேவல் 66 முதல் 72 சென்ரிமீற்றர் நீளமிருக்கும். பெட்டையோ அதிற் பாதியளவே நீளமுடையது. காய்ந்த இலையின் நிறமே அதன் நிறம். நிலத்தில், மரவேரின் ஓரத்தில் சிறு குழி பறித்து, இரண்டு முதல் நான்கு முட்டைகள் வரை இட்டு, ஏறக்குறைய மூன்று வாரம் அடைகாக்கும். அடைகாக்கும் பெட்டையின் பக்கத்தில் நீங்கள் நடந்து சென்றாலும் அது அசையாது. அசையாமையே அதன் கவசம். அந்தக் கவசம் மனிதக் கண்ணை ஏமாற்றும். நாயின் மூக்கை ஏமாற்றாது.

இந்தக் காடுகளின் ஈரமான பகுதிகளில் 'ஹபன் குகுளா' என்னும் மற்றொரு சிறு கோழியினமும் உண்டு. காலில் இரட்டை முள்ளுடையது. இலங்கைக்கே உரிய இப்பறவையின் குரலைக் காதாற் கேட்டவர் பலர். அதனைக் கண்ணாற் கண்டவர் சிலர். அத்துணைக் கூச்சமுள்ளது.

நாயின் தொழில்

வேட்டைக்கு நாயைத் துணைகொள்வது தமிழருக்குப் புதிதன்று. சங்க இலக்கியத்தில் குறிஞ்சி நிலத்து வேட்டுவர் நாயுடன் செல்லும் காட்சிகள் உண்டு; 'ஞமலி' என்னும் பழஞ்சொல்லும் அக்காலத்தது. ஆயின் அந்நாய்கள் துரத்திப் பிடிக்கும் நாய்கள். பறவை வேட்டைக்கெனத் தனிப்பயிற்சி அளித்து நாய்களைப் பழக்கும் கலை ஐரோப்பாவில் வளர்ந்தது. துவக்கு பரவியபின் அது மேலும் நுட்பமடைந்தது.

அக்கலையில் நாய்களுக்குள்ளே தொழிற்பிரிவினை உண்டு. 'பொயின்ரர்', 'செற்றர்' என்னும் சாதி நாய்கள் காற்றுக்கு எதிர்முகமாக நடந்து மோப்பம் பிடிக்கும். பறவை ஒளிந்திருக்கும் இடத்தை உணர்ந்தவுடன், ஒரு காலைத் தூக்கியபடியே சிலைபோல நின்றுவிடும். அதன் மூக்கு நோக்கும் திசையில் வேட்டைக்காரன் செல்வான். 'ஸ்பானியல்' நாயோ புதருக்குள் நுழைந்து பறவையைக் கிளப்பும். ஆனால் துவக்கின் எல்லைக்கு அப்பால் ஓடலாகாது. சுடப்பட்டு வீழ்ந்த பறவையைத் தேடி, பல் படாமல் கௌவி வந்து கையிற் கொடுப்பது 'ரிட்ரீவர்' நாயின் பணி. பிரித்தானியாவில் ஆகஸ்ட் 12ஆம் தேதி 'கிரௌஸ்' என்னும் பறவையின் வேட்டைப் பருவம் தொடங்குவதும், அன்று மேட்டுநிலமெங்கும் நாய்களுடன் வேட்டைக்காரர் புறப்படுவதும் வழிவழி வந்த வழக்கம். அங்கிருந்து வந்த தோட்டத் துரைமார் அந்த ஆசையையும் கப்பலேற்றிக் கொண்டுவந்தனர். நீலகிரிச் சோலைகளில் அவர்கள் ஸ்பானியல் நாய்களைக்கொண்டு சாம்பற் காட்டுக்கோழியைக் கிளப்பிச் சுட்டனர்.

நாயின் மோப்ப சக்தியைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. மனிதனின் மூக்கில் மணமறியும் அணுக்கள் 50 அல்லது 60 இலட்சமெனவும், நாயின் மூக்கில் அவை 20 கோடிக்கு மேற்பட்டவையெனவும் கணக்கிடுவர். அதிகாலைப் பனியில் ஈரமான நிலம் மணத்தைப் பிடித்து வைத்திருக்கும். வெயில் ஏறியபின் அது கலைந்துவிடும். ஆதலால் நாயுடன் செல்லும் வேட்டை விடியற்காலையிலோ, வெயில் தாழ்ந்த பின்னரோ நிகழ்வதாயிற்று.

மோப்பம் நாய்க்குப் பிறவிக் குணம். துரத்துவதும் பிறவிக் குணம். அப்படியாயின் பழக்குபவன் எதனைத்தான் கற்பிக்கிறான்? இக்கேள்வியை நாம் கேட்டபோது, பெரியவர் சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஓடுவதற்கு நாய்க்கு யாரும் பாடஞ் சொல்லத் தேவையில்லை. நிற்பதற்குத்தான் பாடம் வேண்டும். துரை தம்முடைய நாய்களுக்கு ஆறு மாதம் 'நில்' என்ற ஒரு சொல்லைத்தான் சொல்லிக் கொடுப்பார்."

அவர் விவரித்த முறை இது. ஏறக்குறைய ஆறு மாதக் குட்டியாக இருக்கும்போதே பாடம் தொடங்கும். முதலில் சோற்றுத் தட்டை முன்னே வைத்து, உத்தரவு கிடைக்கும்வரை காத்திருக்கப் பழக்குவர். பின்னர் நீண்ட வாரினால் கட்டி, நடக்கும்போது 'நில்' என்றதும் நிற்கச் செய்வர். அடுத்துத் துணிப் பொட்டணமொன்றில் கோழியிறகைச் செருகி எறிவர். அது விழுந்த பின்னும் நாய் இருந்த இடத்திலேயே இருக்கவேண்டும். சொன்ன பிறகே சென்று எடுத்துவரவேண்டும். துவக்கின் ஓசைக்கு அஞ்சாதிருக்க, முதலில் தூரத்தில் தகரத்தைத் தட்டி, நாளடைவில் அருகே கொண்டுவருவர். கடைசிப் பாடமே கடினமானது. கண்முன்னே பறவை சிறகடித்து எழும், வெடியும் தீரும், அப்போதும் நாய் அசையலாகாது. பிரம்பு எடுத்தால் இப்பாடம் ஏறாது; பொறுமை ஒன்றே மருந்து என்று துரை அடிக்கடி சொல்வாராம்.

மாத்தளைக் காட்டில் நேர்ந்தது

இவ்வளவு பாடுபட்டுப் பழக்கிய நாய் இந்நாட்டுக் காட்டில் என்ன செய்தது? பெரியவர் சிரித்துக்கொண்டே கூறினார். துரையின் பொயின்ரர் நாய் சீமையிலிருந்து வந்தது. பார்வைக்கு இராசகுமாரன் போலிருக்கும். ஒருநாட் காலை உண்ணிச்செடிப் புதர் ஒன்றின் முன்னே அது காலைத் தூக்கியபடி நின்றது. துரை மெல்ல மெல்ல அடியெடுத்து வைத்தார். காடு கலைக்கும் பையன்களும் மூச்சடக்கி நின்றனர். புதரைக் கலைத்துப் பார்த்தால் அங்கே ஒன்றுமில்லை! சேவல் எப்பொழுதோ மறுபக்கத்தால் ஓடி, ஓடைக்கு அப்பால் நின்று கொக்கரித்தது. நாய் மாத்திரம் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

காரணம் எளிது. சீமையின் கிரௌஸ் பறவையும், கௌதாரியும், காடையும் ஆபத்து வந்தால் பதுங்கும். மிக நெருங்கினாலன்றிப் பறக்கா. ஆதலின் நின்று காட்டும் நாய் அங்கே பயன்படும். நமது காட்டுக்கோழிச் சேவலோ முதலில் ஓடும். வேறு வழியில்லாதபோதே பறக்கும். அடர்ந்த கீழ்க்காட்டில் அதனுடைய ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க யாராலும் இயலாது. இதற்கு மேலாக அட்டைக்கடியும் உண்ணிக்கடியும் சீமை நாய்களை வாட்டின. எல்லாவற்றிலும் பெரிய பகை சிறுத்தை. நாயிறைச்சியில் அதற்குள்ள பிரியம் மலைநாட்டில் யாவரும் அறிந்தது. துரையின் ஸ்பானியல் நாய்கள் இரண்டில் ஒன்றை, பங்களா விறாந்தையிலிருந்தே ஓரிரவு சிறுத்தை கொண்டுபோயிற்றாம்.

இதே வேட்டையில் ஊர் நாயின் முறை முற்றிலும் வேறு. அது நிற்பதுமில்லை, காட்டுவதுமில்லை. குரைத்துக்கொண்டு துரத்தும். கோழி சலித்துப்போய்த் தாழ்ந்த கிளையொன்றில் ஏறி, கீழே குதிக்கும் நாயைப் பார்த்துக் கொக்கரிக்கத் தொடங்கும். நாய்மீது கவனமாக இருக்கும் அப்பறவை, பின்னால் வரும் மனிதனைக் கவனியாது. ஊரவர் பயன்படுத்தியது இந்தச் சூழ்ச்சியையே என்று பெரியவர் கூறினார்.

நாயில்லா வேட்டை

நாயின்றியே சேவலை வரவழைக்கும் வித்தையொன்றும் இந்நாட்டுக் கிராமங்களில் நெடுங்காலமாக உண்டு. காட்டுச் சேவல் தன் எல்லையை அறிவிக்கச் சிறகைப் படபடவென அடித்துக்கொள்ளும். வேட்டைக்காரன் மரத்தின் பின்னே அமர்ந்து, உள்ளங்கையைக் குவித்துத் தொடையில் விரைவாகத் தட்டுவான். அவ்வொலி சிறகடிக்கும் ஒலியை அப்படியே ஒத்திருக்கும். எல்லைக்குள் வேறொரு சேவல் புகுந்துவிட்டதென எண்ணி, அங்கு வாழும் சேவல் சண்டைக்கு வரும். அதன் வீரமே அதற்குப் பகையாகும்.

தவவேடத்தில் மறைந்து தீயன செய்பவனுக்கு, புதரில் மறைந்து பறவையைப் பிடிக்கும் வேடனைத் திருவள்ளுவர் உவமையாகக் கூறியிருப்பதை வாசகர்கள் அறிவார்கள். ஈராயிரம் ஆண்டுகளாகியும் புதர் மாறவில்லை, வேடனும் மாறவில்லை.

மற்றொன்று நெலுக் காலம். தமிழகத்தின் குறிஞ்சிச் செடிக்கு உறவான நெலு, மலைக்காடுகளில் பல்லாண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, விதைத்து, மடியும். சில வகைகள் பூக்கப் பன்னிரண்டு ஆண்டுகள்கூடச் செல்லும். விதை உதிரும் காலத்தில் காட்டுக்கோழிகள் பல திசைகளிலிருந்தும் வந்து குவியும். அவ்விதையைத் தின்ற கோழிகள் மயங்கிக் கிடக்குமென்பது பழைய வேட்டைக்காரர் நம்பிக்கை. நம்பிக்கை எவ்வாறாயினும், ஓரிடத்தில் கூடிய பறவைகள் ஏராளமாகச் சுடப்பட்டன.

நில்லாத நாய்

இவற்றையெல்லாம் கேட்டபின், "ஐயா, நீங்களும் நாய் பழக்கினீர்களா?" என்று வினவினோம். பெரியவரின் முகம் வாடிற்று.

வெள்ளைக்காரக் கம்பனிகளின் தோட்டங்கள் 1975ஆம் ஆண்டில் அரசுடைமையாகு முன்னரே துரை நாடு திரும்பிவிட்டார். பெரியவருக்கு அப்போது இளவயது. கறுப்பன் என்றொரு ஊர் நாயை அவர் வளர்த்தார். துரையிடம் கற்ற வித்தையை அதற்குக் கற்பித்தார். எறிந்ததை எடுத்துவரும், சீழ்க்கைக்கு ஓடிவரும், மோப்பம் பிடித்து எதையும் கண்டுபிடிக்கும். லயத்துப் பிள்ளைகள் கூடிநின்று கைதட்டுவர். "நிற்கும் பாடத்தை மாத்திரம் நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அதைப் பார்த்து யார் கைதட்டப் போகிறார்கள்? நின்றுகொண்டிருக்கும் நாயை வேடிக்கை பார்க்க ஒருவரும் வரமாட்டார்கள்" என்றார் அவர்.

ஒரு பங்குனி மாதத்துக் காலையில் விறகுக்குச் சென்ற அவருடன் கறுப்பனும் சென்றது. பலாமரமொன்றின் வேரடியில் அது தலையை நிமிர்த்தி ஒரு கணம் மோப்பம் பிடித்தது. "நில்!" என்று அவர் கூவினார். அது அறியாத சொல். மறுகணமே அதன் வாயிலிருந்து பெட்டைக்கோழியின் இறகுகள் சிதறின. வேரடியில் மூன்று முட்டைகள் இருந்தன. தொட்டால் இன்னும் சூடு ஆறவில்லை.

அம்முட்டைகளை மடியிற் கட்டிக் கொண்டுவந்து, வீட்டில் அடைகிடந்த கோழியின்கீழ் வைத்தார். மூன்றும் பொரித்தன. ஆனால் வளர்ப்புத் தாயின் அழைப்புக்கு அக்குஞ்சுகள் செவிசாய்க்கவில்லை. கூடையின் மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. தூவிய நொய்யைத் தொடவில்லை. இரண்டு குஞ்சுகள் சில நாளிலேயே இறந்தன. மூன்றாவது, கூடையைத் தூக்கிய மாத்திரத்தில் வேலியைக் கடந்து ஓடியது. அன்று பெய்த மழையில் அது பிழைத்திருக்க வழியில்லை.

"கறுப்பனை நான் அடிக்கவில்லை, தம்பி. அதன்மீது என்ன குற்றம்? கற்றதை அது செய்தது. கற்பிக்காததை எப்படிச் செய்யும்?" என்று அவர் சொன்னபோது எமக்கு மறுமொழி தோன்றவில்லை.

வேட்டைக்காரரும் சட்டமும்

இலங்கையில் காட்டு விலங்குகளைக் காக்கவேண்டுமென முதலிற் குரலெழுப்பியவர்களுள் வேட்டைக்காரரும் இருந்தனர் என்பது வியப்புக்குரிய செய்தி. வேட்டைப் பிராணிகள் அருகிவருவதைக் கண்டு, 1894ஆம் ஆண்டில் அவர்கள் ஒரு பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினர். அதுவே இன்று வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கமாக விளங்குகிறது. பின்னர் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விலங்குகளையும் தாவரங்களையும் காக்க வழிசெய்தது. 1949இல் வனசீவராசிகள் திணைக்களம் அமைந்தது. 1993ஆம், 2009ஆம் ஆண்டுகளின் திருத்தங்கள் பாதுகாப்பை மேலும் இறுக்கின. அனுமதிப்பத்திரம் பெற்றுப் பருவகாலத்தில் காட்டுக்கோழி சுட்ட காலம் மலையேறிவிட்டது. இன்று அதனைக் கொல்வதும், பிடிப்பதும், அதன் முட்டையை எடுப்பதும் தண்டனைக்குரிய குற்றங்கள்.

சட்டம் துவக்கை அடக்கிற்று. ஆனால் சட்டம் படிக்கத் தெரியாத வேட்டைக்காரன் ஒருவன் எஞ்சியிருக்கிறான். காட்டோர வீடுகளில் கட்டாமல் விடப்படும் நாயே அவன்.

நாய் நன்றியுள்ள பிராணி என்பதில் ஐயமில்லை. எனினும், உலகில் முதுகெலும்புள்ள உயிரினங்களிற் குறைந்தது 11 அற்றுப்போவதற்கு வீட்டு நாய்கள் துணைபுரிந்தன என்றும், அருகிவரும் இனங்களில் குறைந்தது 188 இனங்களுக்கு அவற்றால் ஆபத்து உண்டு அல்லது நேரக்கூடும் என்றும் 2017ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு தெரிவித்தது. நிலத்திற் கூடு கட்டும் பறவைக்கு நாயினும் பெரிய பகை வேறென்ன? இலைநிறப் போர்வையும் அசையாமையும் காட்டுக்கோழியைப் பருந்திடமிருந்து காக்கும். நாயின் மூக்கிலிருந்து காக்கா.

நாம் செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. காட்டோரத்தில் வாழ்பவர் இரவிலும் விடியற்காலையிலும் நாயைக் கட்டிவைக்கலாம். கோழிகள் பெரும்பாலும் கூடு கட்டும் மாசி முதல் சித்திரை வரையிலான மாதங்களில் விறகுக்கும் தண்ணீருக்கும் செல்லும்போது நாயை உடன் அழைத்துச் செல்லாதிருக்கலாம். சமையற் கழிவுகளைக் காட்டு விளிம்பிற் கொட்டினால் அலைந்து திரியும் நாய்கள் அங்கே கூடும், அதனைத் தவிர்க்கலாம். வேண்டாத குட்டிகளைச் சாக்கிற் கட்டிக் காட்டோரத்தில் விட்டுவரும் கொடிய வழக்கத்தை அறவே ஒழிக்கவேண்டும். குட்டி வேண்டாதவர் கருத்தடைச் சிகிச்சை செய்விப்பதே முறை. விசர்நோய்த் தடுப்பூசியும் தவறலாகாது. இது நாய்க்கும் நன்மை. காட்டில் சுற்றும் நாய், பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியிலோ கட்டுத்துவக்கிலோ அகப்படலாம்; சிறுத்தையின் வாயிலும் விழலாம்.

தொடையில் தட்டிய ஒலி

மறுநாள் விடியுமுன் பெரியவர் எம்மைக் காட்டு விளிம்புக்கு அழைத்துச் சென்றார். அவருடைய பேரனும் வந்தான், பன்னிரண்டு வயதிருக்கும். அவன் வளர்க்கும் நாய்க்குட்டியை வீட்டிற் கட்டிவிட்டு வரும்படி பெரியவர் உத்தரவிட்டிருந்தார். பையனுக்கு அதில் மனத்தாங்கல்.

"தாத்தா, குட்டி வந்தால் கோழி எங்கே இருக்கிறதென்று அதுவே காட்டிவிடுமே?" என்றான்.

"நிற்கக் கற்ற பிறகு வரட்டும். அதுவரையில் அதற்குக் காட்டில் வேலையில்லை" என்றார் பெரியவர்.

பலாமரத்தின் பின்னே மூவரும் அமர்ந்தோம். பனி கலைந்து வெளிச்சம் பரவிய நேரத்தில் பெரியவர் கையைக் குவித்துத் தொடையில் தட்டினார். படபடவென்ற அவ்வொலி மரங்களிடையே எதிரொலித்தது. சிறிது நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் ஒருமுறை தட்டினார். மேட்டிலிருந்து விடை வந்தது: "சிக்... சௌ-சொயிக்!" பின்னர் சருகு நொறுங்கும் ஓசை. இருபது அடி தூரத்தில், மிளகுக் கொடியின் நிழலிலிருந்து சேவல் வெளிப்பட்டது. வாலை உயர்த்தி, கழுத்துப் பொன்மயிர் சிலிர்க்க, ஒரு காலை ஊன்றி நின்று எதிரியைத் தேடிற்று. காலை வெயில் கொண்டையில் பட்டபோது அதன் நடுவிலுள்ள மஞ்சள் நிறம் சுடர்விட்டது. எதிரி எவனும் இல்லையென உறுதி செய்துகொண்டபின், வென்றவனைப்போல இருமுறை சிறகடித்துவிட்டுத் திரும்பிச் சென்றது.

பையன் மூச்சை விட்டான். "தாத்தா, இன்னொரு தரம் தட்டுங்கள்!"

"போதும். ஏமாற்றுவதற்கும் ஓர் அளவுண்டு. அடிக்கடி அழைத்தால் தன் குடும்பத்தை விட்டுவிட்டு அது வீணாக ஓடிவரும். கூடு கட்டும் காலத்தில் ஒருமுறைகூடத் தட்டக்கூடாது. பார்த்தாயல்லவா, அதுவே போதும்" என்றார் அவர்.

வேட்டைக்கலையின் நுட்பங்கள் யாவும் அம்முதியவரிடம் இருந்தன. காற்றின் திசை, சருகின் ஓசை, பறவையின் மனம் ஆகிய எல்லாவற்றையும் அவர் அறிந்திருந்தார். கொல்வதற்காக மனிதர் சேர்த்துவைத்த அறிவு, காண்பதற்கும் காப்பதற்கும் உதவுமென்பதை அன்று நாம் கண்டுகொண்டோம். இத்தகைய முதியவர்கள் மறைந்தால் அவ்வறிவும் உடன் மறையும். வீட்டிலுள்ள பாட்டனார்களிடம் கேட்டு வைத்துக்கொள்வது இளையோர் கடன்.

வீடு திரும்பியபோது முற்றத்தில் கோழிகள் இரை மேய்ந்துகொண்டிருந்தன. பையன் குட்டியை நீண்ட கயிற்றிற் கட்டி வெளியே கொண்டுவந்தான். கோழிகளைக் கண்டதும் அது முன்னே பாய எத்தனித்தது. "நில்!" என்றான் பையன். குட்டி அவனைப் பார்த்தது, கோழிகளைப் பார்த்தது, உடம்பெல்லாம் நடுங்க, இருந்த இடத்திலேயே இருந்தது. திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவர், அதைப் பார்த்து மெல்லக் கைதட்டினார்.